நான் தூக்கிய கட்டைவிரல்

ராசுவின் தலையைக் கெடுத்தவன் நான்தான்.

ஊரில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அந்தக் கதையில் நான் நல்லவன். அதைக் கட்டியவனும் நானே... அதனால் நீங்கள் அதை நம்ப வேண்டாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. பெருமை அடிக்கிறான் கிழவன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு என்னிடம் பெருமை இருக்கிறது.

வேடசந்தூர் பக்கம் ஹாலோ பிளாக் என்றால் கருப்பண்ணன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு அறுந்துபோனது. கொத்தனாருக்குக் கலவை சுமந்தேன். பழைய இரும்புக்கடையில் கிடந்த கை அச்சு ஒன்றை வாங்கிவந்து, நானே மணல் சலித்து, நானே தட்டி, நானே சைக்கிளில் போய் ஆர்டர் கேட்டேன். இன்றைக்கு மெஷின் ஓடுகிறது. லாரி நிற்கிறது. திண்டுக்கல் ரோட்டில் நீங்கள் பார்க்கிற மில் காம்பவுண்டுகளில் பாதிக்கு மேல் என் கல்தான். எவன் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை.

இளவட்ட வயதில் கபடியும் ஆடியிருக்கிறேன். இடது கார்னர், ஓரத்தில் நின்று பிடிக்கிற ஆள். 'கபடி கபடி' என்று பாடி வருகிறவனின் கணுக்கால் என் கைக்குள் வந்தால் முடிந்தது, மண்ணைத்தான் தின்ன வேண்டும். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பிடிக்கிறவன் பெயரை எவனும் கத்துவதில்லை. மைக்கில் வருவதும், கூட்டம் கத்துவதும் பாடிப் போகிறவன் பெயர் மட்டும். நான் எத்தனையோ பேரைக் கவிழ்த்தேன். என் பெயரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மைதானம் சொல்லிக் கேட்டதில்லை.

கையில் நாலு காசு நின்றதும் சொந்தமாக டீம் வைத்தேன். 'கருப்பண்ணன் பாய்ஸ்.' ஜெர்சி முதுகில் பெரிய எழுத்தில் என் பெயர். பையன்களுக்கு வேன், முட்டை, வாழைப்பழம், பழகுவதற்கு என் கல் யார்டுக்குப் பின்னால் ஆடுகளம்... எல்லாம் நான் போட்டது.

அந்த டீமுக்குத்தான் ராசு வந்தான். முருங்கைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பையன். குச்சிக் கால். இவனா என்று நினைத்தேன். முதல் நாளே என் கார்னர்க்காரன் தலைக்கு மேல் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டான். காற்று வந்துபோன மாதிரி இருந்தது.

பிறகு ஊர் ஊராகக் கோப்பை வந்தது. கோப்பை என் வீட்டு ஷோகேசில் நின்றது. பெயர் அவனிடம் போனது.

என் பணத்தில் தைத்த ஜெர்சி, என் பெயர் போட்ட முதுகு. கூட்டம் கத்தியது 'ராசு, ராசு' என்று.

ஒருநாள் பெட்ரோல் பங்கில் நிற்கிறேன். தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னை அறிமுகம் செய்தார். "யாருன்னு தெரியலையா? நம்ம ராசு இருக்கான்ல, அவன் டீம் ஓனரு."

"அட, ராசு டீமா! வணக்கம்ணே."

வணக்கம் சொன்னவர் இருந்த வீடு என் கல்லில் கட்டியது. அது அவருக்குத் தெரியாது. ராசுவைத் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் சாப்பிட வந்தால் என் மனைவி சரசு ஈரலைத் தனியாக எடுத்து அவன் இலையில் வைப்பாள். எனக்கு ஈரல் என்றால் உயிர் என்று அவளுக்குத் தெரியாதா?

"எனக்கு?" என்று கேட்டேன் ஒருநாள்.

"பாடிப் போற பய திங்கட்டும். நீங்க கல்லாவுல உக்காந்து யார் மேல பாடப் போறீக?" என்றாள்.

பையன்கள் சிரித்தார்கள். ராசுவும் சிரித்தான். பிறகு தன் இலையிலிருந்து பாதியை எடுத்து என் இலையில் வைத்தான். "மாமா, நீங்க இல்லாம நாங்க ஏது" என்றான்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நல்லவனாக இருந்து தொலைத்தான்.

பொறாமை நெருப்பு மாதிரி என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. செருப்புக்குள் சிக்கின சல்லிக்கல் மாதிரி இருந்தது. நடக்கலாம். வேலை பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அது இருக்கிறது என்று தெரியும்.

டிவியில் வருகிற பெரிய லீக்கில் ஒரு டீம். அதன் கோச் ராசுவைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தார். என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்து, அவனோடு அரைமணி நேரம் பேசினார். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பெரியவரே, கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்க."

கொண்டுவந்து கொடுத்தேன்.

மாசித் திருவிழா டோர்னமெண்டில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிப் போனார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்... உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஃபைனல். சாய்ங்கால வெயில். வாடகைக்கு எடுத்த மேட். அதற்குக் கீழே செம்மண் தரை, பாறை மாதிரி. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தக் கோச். ராசு பாடிப் போனான். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். தாண்ட எழும்பினான். அதே நேரம் ஒருவன் நிமிர்ந்தான். முழங்கால் ராசுவின் காதுக்குப் பக்கத்தில் இடித்தது. நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் விழுந்தான். எழவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. விழுந்தவன் முகத்தில் சோடாவை அடிப்பார்கள். எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைப்பார்கள். டீமுக்குப் பெரியவர் யாரோ அவர் குனிந்து, "ஸ்கோர் எம்புட்டு?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் அவர் கட்டைவிரலைத் தூக்குவார். அம்பயர் விசில் ஊதிவிடுவார். டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடிபட்டவன் வாய், பெரியவர் காது, அவ்வளவுதான் வைத்தியம்.

எங்கள் டீமுக்குப் பெரியவர் நான்.

குனிந்தேன். "ராசு, ஸ்கோர் எம்புட்டு?"

என்னைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை; எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பார்த்தான்.

"மாமா... மேட்ச் எப்ப?"

ஜெர்சியெல்லாம் சோடா. முட்டியில் ரத்தம். ஆட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு மேட்ச் எப்போது என்று கேட்கிறான்.

மைக் செட்டின் சத்தத்தில் அது என் காதுக்கு மட்டும் வந்தது. சுற்றி நின்ற பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்குப் புரியவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். படிக்காதவன், மூளைக்குள் அடிபட்டது எனக்கெப்படித் தெரியும் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். புரிந்தது. கால் நிலைக்காதவன் பிடிபடுவான் என்று கார்னர் ஆடியவனுக்குத் தெரியாதா?

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அடிபட வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. பிடிபட வேண்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை... அந்தக் கோச் பார்க்க, என் ஊர் பார்க்க, எவனோ ஒரு பெயரில்லாத கார்னர்க்காரன் அவன் கணுக்காலைப் பிடித்து இழுக்க, கூட்டத்தின் கத்தல் தொண்டையிலேயே நிற்க... அது எனக்கு வேண்டியிருந்தது. ஈரல் கேட்ட மாதிரி கேட்டது மனசு.

கட்டைவிரலைத் தூக்கினேன்.

அம்பயர் விசில் ஊதினார். ராசு எழுந்து எங்கள் பக்கத்து வெளிக்கோட்டை நோக்கி நடந்தான். பையன்கள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். விளையாட்டுக் காட்டுகிறான் என்று கூட்டம் சிரித்தது. திரும்பப் பாடிப் போகும் முறை வந்தபோது அவன் குரல் கேட்டேன். 'கபடி கபடி' என்று ஒரே இழையாக ஓடும் குரல், அன்றைக்குத் திக்கித் திக்கிப் போனது. எதிர்க் கார்னரில் நின்றவன் சின்னப் பயல். குனிந்தான், பிடித்தான். அழகான பிடி. நான் பிடிக்கிற மாதிரியே.

ராசு கையை ஊன்றாமல் விழுந்தான். காயாத கல் லாரியிலிருந்து சரிந்து விழுந்தால் ஒரு சத்தம் வரும். மொத்தென்று. அந்தச் சத்தம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்கும், என்ன நடந்தது என்று விளங்கியதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் நான் சந்தோசமாக இருந்தேன்.

திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்து, மதுரைக்கு அனுப்பினார்கள். மண்டையைத் திறந்துதான் காப்பாற்றினார்கள். அந்த டாக்டர், என் மகன் வயசு இருக்கும், கேட்டார்.

"மொத அடியோட உக்கார வச்சிருந்தா சரியாகியிருக்கும். அதுக்கு மேல இன்னொரு அடி விழுந்ததுதான் இப்படி ஆக்கிருச்சு. யாரு திரும்ப ஆட விட்டது?"

எல்லாரும் இருந்தார்கள். அவன் பெண்டாட்டி மகேஸ்வரி மில் யூனிபார்மோடு இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் டாக்டர். ஸ்கோரக் கேட்டேன், டக்குன்னு சொன்னான். இருந்தாலும் செத்த நேரம் உக்காருடான்னேன். பய கேக்கல, வெரலத் தூக்குங்க மாமான்னு அடம் புடிச்சான்."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? உண்மை மாதிரியே வந்தது.

ராசு எழுந்தான். ஆனால் அந்த ராசு இல்லை. வெயில் ஆகாது, சத்தம் ஆகாது. இடது கை சொன்னபடி கேட்காது. தலைவலி வந்தால் சுவரில் முட்டிக்கொள்வான். காலையில் சொன்னது மதியம் இருக்காது. கோச்சும் வரவில்லை, லீக்கும் வரவில்லை. என் யார்டிலேயே வேலை கொடுத்தேன். கல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை. புதுக்கல் காய்ந்துவிடாமல் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். அவன் நனைத்த வரிசையையே மறுபடி நனைப்பான். அடுத்த வரிசை வறண்டு வெடிக்கும். வெடித்த கல்லை நான் சத்தம் போடாமல் ஓரத்தில் அடுக்கிவிடுவேன். 'ஓனருக்கு எம்புட்டு பெரிய மனசு' என்று ஊர் பேசிக்கொண்டது.

அந்த நாள் அவன் நினைவில் சுத்தமாக இல்லை. என்னிடம்தான் கேட்டான். "அன்னைக்கு என்ன மாமா ஆச்சு?"

சொன்னேன். அதே கதை. நான் வேண்டாம் என்றேன், நீ கேட்கவில்லை.

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப நான் பயப்படல" என்றான்.

எல்லாவற்றையும் மறக்கிறவன் அதை மட்டும் மறக்கவில்லை. கல் வாங்க வருகிறவர்கள் அவனோடு நின்று போட்டோ எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் அவன் இதைச் சொல்வான். "மாமா உக்காருன்னாரு. நாந்தான் டீமுக்காகப் போனேன்." சொல்லும்போது நிமிர்ந்து நிற்பான். அவனுக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம். அதுவும் என் பொய்.

போட்டோ எடுக்கிறவர்கள் என்னைப் பார்த்து, "பெரியவரே, செத்த ஒதுங்குங்க, ஃபிரேம்ல விழுறீங்க" என்பார்கள். உடைந்துபோன அவன்மேல் அப்போதும் எனக்குப் பொறாமை வந்தது. வந்தது என்று எழுதுகிறேன். மனுசனா நான் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டிருக்கிறேன்.

அவனுக்குப் பெருமையாக இருந்தது அவன் பெண்டாட்டிக்கு விஷமாக இருந்தது. மில் பஸ்ஸிலிருந்து இறங்கி அவனைக் கூட்டிப்போக வருவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"ஊரே இவர வீரன்ங்குது மாமா. எனக்கு வவுறு எரியுது. நீங்க உக்காருன்னு சொன்னப்ப உக்காந்திருந்தா இன்னைக்கு நாங்க மனுசராட்டம் இருந்திருப்போம். புள்ளைய நெனைக்கல, என்னைய நெனைக்கல. கைதட்டுதான் பெருசாப் போச்சு இந்தாளுக்கு."

கைதட்டு பெரிதாகப் போனது யாருக்கு என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். "விடு தாயி" என்றேன்.

இந்த வருசத் திருவிழாவில் கமிட்டிப் பையன்கள் புதுசாக ஒரு விதி கொண்டுவந்தார்கள். தலையில் அடிபட்டவன் வெளியே உட்கார வேண்டும். திரும்ப ஆடலாமா வேண்டாமா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேள்வி வந்தபோது, மேடையில் உட்கார்ந்திருந்த ராசு கையைத் தூக்கினானாம். "எங்க மாமாவ வைங்க. அன்னைக்கே வேணாம்னு சொன்ன மனுசன்."

மறுக்க என்னால் முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே.

ஃபைனலில் என் டீமே ஆடியது. கதிர் என்று ஒரு பையன், இப்போதைக்கு எங்களுக்கு அவன்தான் பாடிப் போகிறவன். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது எவன் முழங்கையோ அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. சுருண்டான். மைதானம் என்னைப் பார்த்தது. போனேன், குனிந்தேன்.

"கதிரு, ஸ்கோர் எம்புட்டு?"

சரியாகச் சொன்னான். எதிர் டீம் பெயரைக் கேட்டேன். சொன்னான். "எனக்கு ஒண்ணுமில்ல ஓனர், விடுங்க, ஜெயிச்சிரலாம்" என்றான்.

எல்லாம் சரி. கட்டைவிரலைத் தூக்கலாம். கை எழவில்லை. செம்மண், சோடா வாடை, எலுமிச்சம்பழம்... கை தொடையோடு ஒட்டிக்கொண்டது.

"உக்காருடா" என்றேன்.

"ஓனர்..."

"ஏலே, உக்காருன்னா உக்காரு."

தோற்றோம். கூட்டம் முணுமுணுத்தது. எவனோ, "கெழட்டுப் பய காரியத்தக் கெடுத்துட்டான்" என்றான். அப்போது ராசு எழுந்து போய் மைக்கை வாங்கினான். நாக்குக் குழறியது. ஆனாலும் சொன்னான்.

"என்னையும்... இந்த மனுசன் இப்படித்தான் உக்காரச் சொன்னாரு. நான் கேக்கல. கதிரு கேட்டான். அவன் நாளைக்கும் ஆடுவான். எங்க மாமா... கருப்பண்ணன் மாமாவுக்குக் கை தட்டுங்க."

முதலில் பின்வரிசையில் தட்டினார்கள். பிறகு எல்லாரும். பிறகு யாரோ ஆரம்பித்தான், மைதானமே பிடித்துக்கொண்டது. கருப்பண்ணன், கருப்பண்ணன், கருப்பண்ணன்.

இத்தனை வருசம் நான் ஏங்கியது. அதை ராசுவே எனக்கு வாங்கிக் கொடுத்தான்.

கசந்தது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். கசக்கவில்லை. இனித்தது. உடம்பெல்லாம் இனித்தது. கையைத் தூக்கிக் கும்பிட்டேன்.

மைதானத்தை விட்டு வெளியே வந்தோம். நான், ராசு, மகேஸ்வரி. பஸ் நிறுத்தத்துக்குப் போகிற பாதை. அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். அத்தனை சத்தத்தில் அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. பாதி வழியில் நின்றான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி.

"மாமா... மேட்ச் எப்ப?"

என் கால் நின்றுவிட்டது.

"சத்தம் ஒத்துக்காட்டி இப்படித்தான் கேப்பாரு" என்றாள் மகேஸ்வரி. "தன் நெனப்பு இல்லைன்னா வாயில வாரது இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ தோன்றியிருக்க வேண்டும் அவளுக்கு. "அன்னைக்கு மொத அடி வாங்குனப்ப என்ன மாமா சொன்னாரு? நீங்கதானே கிட்ட இருந்தீக?"

இதோ இருக்கிறது வாசல். திறந்தே இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன்மேல் அவள் வைத்திருக்கிற கோபம் அங்கேயே இறங்கியிருக்கும். என் முகத்தில் துப்பியிருப்பாள். துப்பினால் என்ன?

"ஸ்கோர்தான் தாயி சொன்னான்" என்றேன். "சரியாச் சொன்னான்."

அவள் ராசுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நெனப்போடதான் போயிருக்காரு" என்றாள். அவன் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ராசு தடுமாறி என் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் அதையே கேட்டான். காதில் விழுந்தது. ஆனால் மைதானத்தில் எவனோ இன்னும் என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான். நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.